இந்தக் கணத்தில் இன்பம்: பௌத்தம் சொல்லும் வழியில் படிப்படியாக ஒரு பயிற்சி

ஆளவி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு காடு. மாடுகள் போய் வரும் தடத்தில் இலைகளைப் பரப்பி அதன் மேல் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். பனி கொட்டும் குளிர்காலம். அந்தப் பக்கம் நடந்து வந்த ஹத்தகர் என்பவர், "ஐயா, இரவு சுகமாகத் தூங்கினீர்களா?" என்று கேட்கிறார். "தூங்கினேன். உலகில் சுகமாகத் தூங்குகிறவர்களில் நானும் ஒருவன்" என்கிறார் புத்தர். ஹத்தகருக்கு நம்ப முடியவில்லை. தரை குளம்படி பட்டு இறுகிக் கிடக்கிறது, இலைப்படுக்கை மெல்லியது, மேலே இருக்கும் துணி குளிருக்குப் போதாது, காற்று வேறு வீசுகிறது. புத்தர் திருப்பிக் கேட்கிறார்: காற்றுப் புகாத மாளிகை, மெத்தை, விளக்கு, பணிவிடைக்கு ஆட்கள் என்று எல்லாம் இருக்கும் ஒருவன், ஆசையால் உடம்பும் மனமும் எரிந்துகொண்டிருந்தால் சுகமாகத் தூங்குவானா? வெறுப்பால் எரிந்தால்? உண்மையை அறியாத மயக்கத்தால் எரிந்தால்? அந்த எரிச்சல் எனக்கு வேரோடு போய்விட்டது, அதனால் தூங்கினேன் என்கிறார்.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் வரும் இந்த உரையாடலில் புத்தர் தன் சுகத்துக்குக் காரணமாக எதையும் சேர்த்துக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். எது இல்லாமல் போனது என்று மட்டும் சொல்கிறார். பௌத்தம் பேசும் இன்பத்தை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

'இந்தக் கணத்தில் வாழுங்கள்' என்ற அறிவுரையை இப்போது எங்கும் கேட்கிறோம். நிகழ்கணம் என்றாலே இனிப்பானது, நாம்தான் ருசிக்கத் தவறுகிறோம் என்பது போன்ற தொனி அதில் இருக்கும். கழுத்து வலியோடு, பாதி முடிந்த வேலையோடு, யாரோ சொன்ன ஒரு சொல்லின் கசப்போடு இருக்கும் நிகழ்கணத்தை எப்படி ருசிப்பது? பௌத்தம் அப்படி ருசிக்கச் சொல்வதும் இல்லை. அது ஒரு சங்கிலியைக் காட்டுகிறது. மனதில் உறுத்தல் இல்லாதவனுக்கு மகிழ்ச்சி வரும். மகிழ்ந்தவனுக்குப் பிரீதி, அதாவது உள்ளம் துள்ளும் பூரிப்பு, வரும். பிரீதி வந்தவனின் உடல் அடங்கும். உடல் அடங்கியவன் சுகத்தை அறிவான். சுகத்தில் இருப்பவனின் மனம் ஒருமுகப்படும். இதில் முக்கியமான ஒரு வரி உண்டு: 'எனக்கு மகிழ்ச்சி வரட்டும்' என்று உறுத்தல் இல்லாதவன் முயல வேண்டியதில்லை, அது இயல்பாகவே வரும். இந்த வழிகாட்டி அந்தச் சங்கிலியின் வரிசையில்தான் போகிறது. அதனால் மூச்சுப் பயிற்சி மூன்றாவது படியில்தான் வரும். அவசரப்பட்டு அங்கே தாவ வேண்டாம்.

தொடங்கும் முன்: இன்பத்தைக் கண்டு பயம் வேண்டாம்

ஆன்மிகம் என்றால் இன்பத்தைத் துறப்பது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. புத்தருக்கும் ஒரு காலத்தில் அது இருந்தது. மூச்சை அடக்கிப் பார்த்தார், உணவைக் குறைத்துக் குறைத்து எலும்பும் தோலும் ஆனார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது சிறுவயது நினைவு ஒன்று வந்தது. தந்தை வேலையில் இருந்தபோது, நாவல் மர நிழலில் உட்கார்ந்திருந்த சிறுவனின் மனம் தானாக அடங்கி, பிரீதியும் சுகமும் நிறைந்த ஒரு நிலைக்குப் போயிருந்தது. 'அதுதான் வழியோ?' என்று தோன்றியது. அடுத்து அவர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: புலன் ஆசையோடும் தீய எண்ணத்தோடும் சேராத அந்த இன்பத்துக்கு நான் ஏன் அஞ்சுகிறேன்?

இன்னொரு உரைத்தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 36-வது உரையில் இது வருகிறது. கேள்வி எழுந்த பிறகு அவர் செய்த முதல் காரியம் சாப்பிட்டது. இவ்வளவு மெலிந்த உடம்போடு அந்த நிலையை அடைவது எளிதல்ல என்று அவருக்குப் புரிந்திருந்தது. உடன் இருந்த ஐந்து துறவிகளும் 'இவர் சுகவாசி ஆகிவிட்டார்' என்று விலகிப் போனார்கள்.

ஆக, இரண்டு வகை இன்பம் இருக்கிறது. கண், காது, நாக்கு வழியாக ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு வருவது ஒன்று. பற்றுதல் தளர்வதால் வருவது இன்னொன்று. முதல் வகையைப் பௌத்தம் பாவம் என்று திட்டவில்லை. அது நிற்காது, மேலும் கேட்கும் என்று மட்டும் சொல்கிறது. இரண்டாவது வகையை வளர்க்கச் சொல்கிறது. பற்றினால் வருவது துன்பம், பற்று அற்றவர்கள் அடைவது பேரின்பம் என்று மணிமேகலை சொல்வதும் இதையே.

சரி, பயிற்சிக்குப் போவோம். நன்றாகத் தூங்கி, நேரத்துக்குச் சாப்பிட்ட உடம்போடு தொடங்குங்கள்.

முதல் படி: உறுத்துவதில் ஒன்றைத் தீர்ப்பது

அனாதபிண்டிகர் என்ற பெருவணிகரிடம் புத்தர், இல்லறத்தாருக்கு நான்கு சுகங்கள் உண்டு என்கிறார். நேர்மையாகச் சம்பாதித்தது கையில் இருக்கிறது என்ற சுகம், அதை அனுபவித்துப் பிறருக்கும் கொடுக்கும் சுகம், யாருக்கும் கடன்படவில்லை என்ற சுகம், உடலாலும் சொல்லாலும் மனதாலும் குற்றம் செய்யவில்லை என்ற சுகம். முதல் மூன்றும் நான்காவதன் பதினாறில் ஒரு பங்குக்கு ஈடாகாது என்பது அவருடைய கணக்கு. ஒரு பணக்காரரிடம் போய் இதைச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

செய்ய வேண்டியது இது. ஒரு தாளை எடுத்து, படுத்ததும் மனதில் வந்து நிற்கும் விஷயங்களை எழுதுங்கள். திருப்பிக் கொடுக்காத பொருள், தள்ளிப்போட்ட பதில், சொன்ன ஒரு பொய், கேட்காத மன்னிப்பு. அதில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்து இன்றைக்கே முடியுங்கள். பெரியதில் கை வைக்க வேண்டாம். பெரியதைத் தொட்டால் பயிற்சி தொடங்குவதற்குள் ஒரு குடும்பச் சண்டை தொடங்கிவிடும். சிறிய ஒன்று தீர்ந்ததும் நெஞ்சில் ஒரு லேசான தன்மை தெரியும். அதை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எதையும் வாங்காமல், எங்கும் போகாமல், ஒன்று விலகியதால் மட்டும் வந்த இன்பத்தின் முதல் சுவை அது.

தீர்க்க முடியாதவையும் பட்டியலில் இருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் உயிரோடு இல்லை, அல்லது பேச விரும்பவில்லை. வருந்திக்கொண்டே இருப்பதால் செய்தது செய்யாததாகிவிடாது என்று புத்தர் வெளிப்படையாகவே சொல்கிறார். தவறைத் தவறு என்று ஒப்புக்கொள்வது, இனி அதைச் செய்வதில்லை என்று முடிவெடுப்பது, அப்புறம் எல்லா உயிர்கள் மீதும் அன்பைப் பரப்புவது. இந்த மூன்றும் போதும்.

இதோடு சேர்த்து எதிர்ப்பக்கத்தையும் செய்யுங்கள். நீங்கள் மனமாரக் கொடுத்த ஒன்றை, யாருக்கோ செய்த உதவியை நினைத்துப் பாருங்கள். இது தற்பெருமை அல்லவா என்று கூச்சமாக இருக்கும். மகாநாமர் என்ற இல்லறத்தாருக்கு, தன் ஈகையையும் தன் ஒழுக்கத்தையும் நினைத்து மகிழ்வதைப் புத்தரே பயிற்சியாகக் கொடுத்திருக்கிறார். நம் குறைகளை மணிக்கணக்கில் நினைக்கத் தயங்காத நாம், நல்லதை ஒரு நிமிடம் நினைக்க வெட்கப்படுவது விசித்திரம்தான்.

இரண்டாம் படி: சும்மா இருக்கும் உணர்வைக் கண்டுபிடிப்பது

பௌத்தத்தில் எந்த அனுபவமும் மூன்றில் ஒரு நிறத்தோடுதான் வரும்: இனியது, துன்பமானது, இரண்டும் இல்லாதது. பன்னிரண்டு நிதானங்களின், அதாவது ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகும் கண்ணிகளின், வரிசையில் மணிமேகலை இதை 'நுகர்வு' என்கிறது. நுகர்வுக்கு அடுத்து வேட்கை, வேட்கைக்கு அடுத்து பற்று. நுகர்வு நம் கையில் இல்லை. காதில் விழும் ஓசை இனிமையா கடுமையா என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் நுகர்வு வேட்கையாக மாறும் இடத்தில் ஒரு இடுக்கு இருக்கிறது. பயிற்சி செய்ய நமக்குக் கிடைத்திருக்கும் இடம் அதுதான்.

இதற்கு இரண்டு அம்பு உவமை பிரபலம். அம்பு பட்டவனுக்கு வலிக்கிறது. அவன் அதைப் பற்றிப் புலம்பி, மார்பில் அடித்துக்கொண்டு, இரண்டாவது அம்பைத் தானே வாங்கிக்கொள்கிறான். பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே உரையில் அடுத்து வருவதுதான் எனக்குக் கூர்மையாகப் படுகிறது: துன்ப உணர்வு வந்ததும் பயிற்சியில்லாதவன் புலனின்பத்தைத் தேடி ஓடுகிறான், ஏனென்றால் துன்பத்திலிருந்து வெளியேற அவனுக்கு வேறு வழி தெரியாது. சலிப்பு வந்த நொடியில் கை தானாகக் கைபேசிக்குப் போவதை இதைவிடச் சரியாக யாரும் விவரிக்கவில்லை.

தம்மதின்னை என்ற பிக்குணி விசாகர் என்ற இல்லறத்தாருக்குச் சொன்ன பதில் ஒன்று இதற்கு மருந்தாகிறது. இனிய உணர்வு இருக்கும்போது இன்பம், மாறும்போது துன்பம். துன்ப உணர்வு இருக்கும்போது துன்பம், மாறும்போது இன்பம். இரண்டும் இல்லாத உணர்வு, அறிந்தால் இன்பம், அறியாவிட்டால் துன்பம்.

கடைசி வாக்கியத்தை மறுபடி படியுங்கள். நம் நாளின் பெரும்பகுதி இரண்டும் இல்லாத உணர்வுதான். உள்ளங்கையின் வெப்பம், காலின் கீழே தரை, வலிக்காத முதுகு, யாரும் எதுவும் கேட்காத ஒரு நிமிடம். இதை அறியாமல் கடக்கும்போது 'ஒன்றுமே இல்லையே, போரடிக்கிறது' என்று தோன்றுகிறது. அறிந்து கடந்தால் அதே நிமிடம் சுகமாகிறது. வெளியே எதுவும் மாறவில்லை.

பயிற்சி: கையைக் கழுவும்போது, கதவைத் திறக்கும்போது, யாருக்காகவோ காத்திருக்கும்போது 'இப்போது எந்த நிறம்?' என்று மட்டும் கேளுங்கள். இனியது, துன்பம், இரண்டும் இல்லை. பதில் கிடைத்ததும் விட்டுவிடுங்கள். அலச வேண்டாம். 'இரண்டும் இல்லை' என்று வந்தால் மட்டும் மூன்று மூச்சு நேரம் அதிலேயே நின்று, உடம்பில் வலிக்காத ஒரு இடத்தைத் தொட்டு உணருங்கள். ஒரு வாரம் இதை மட்டுமே செய்தாலும் நல்லது. உட்கார்ந்து தியானிக்கவே நேரமில்லை என்கிறவர்கள் இந்தப் படியிலேயே தங்கிவிடலாம், தவறில்லை.

மூன்றாம் படி: உட்காருவது, மூச்சு

தரையிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர்ந்து, தோள்கள் தளர்ந்து இருக்கும்படி உட்காருங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கினால் போதும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

மஜ்ஜிம நிகாயத்தின் 118-வது உரையான ஆனாபானசதியில் (மூச்சைக் கவனிக்கும் பயிற்சி) 16 படிகள் இருக்கின்றன, நான்கு நான்காகப் பிரிந்து. முதல் நான்கு உடம்பைப் பற்றியவை. நீண்ட மூச்சை நீண்டது என்று அறிவது, குறுகிய மூச்சைக் குறுகியது என்று அறிவது, உடம்பு முழுவதையும் உணர்ந்து மூச்சு விடுவது, உடம்பின் இயக்கத்தை அமைதிப்படுத்தி மூச்சு விடுவது. மூச்சை நீட்டச் சொல்லவில்லை, அடக்கச் சொல்லவில்லை. பிராணாயாமம் பழகியவர்கள் இங்கேதான் வழக்கமாகத் தடுமாறுவார்கள். பழக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, மூச்சு தன் போக்கில் வருவதைப் பாருங்கள்.

மனம் நிற்கவில்லையா? எண்ணுங்கள். 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பயிற்சி விளக்க நூல் இதற்கு ஒரு விதி தருகிறது: ஐந்துக்குக் குறைவாக நிறுத்தாதே, பத்துக்கு மேல் போகாதே. குறைவாக எண்ணினால் மனம் நெருக்கடிபடும், அதிகமாக எண்ணினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். மனம் கொஞ்சம் படிந்ததும் எண்ணிக்கையை விட்டுவிடலாம்.

அந்த முதல் நான்கில் மூன்றாவதாக வரும் 'உடம்பு முழுவதும்' என்பதை மூச்சின் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் என்று விசுத்திமக்கம் கொள்கிறது. தலை முதல் கால் வரை உள்ள உடம்பு என்று கொள்ளும் ஆசிரியர்களும் உண்டு. இன்பத்தை நோக்கிய பயிற்சிக்கு இரண்டாவது பொருளே எளிது என்பது என் கருத்து. மூக்கு நுனியில் மட்டும் கவனத்தைக் குத்தி வைத்தால் பலருக்கும் புருவம் சுருங்கி, தலை கனக்கத் தொடங்கிவிடுகிறது. மூச்சு உள்ளே வரும்போது முகம், தோள், வயிறு, தொடை என்று உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் தெரியட்டும். வெளியே போகும்போது எங்கே இறுக்கம் இருக்கிறதோ அது தளரட்டும். தாடையைக் கவனியுங்கள், இறுக்கம் ஒளிந்துகொள்ளும் இடம் அது.

நான்காம் படி: தடைகளோடு இருப்பது

இங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். உட்கார்ந்த சில நிமிடத்தில் ஐந்தில் ஏதாவது ஒன்று வந்தே தீரும்: ஆசை, வெறுப்பு, மந்தம், பரபரப்பு, சந்தேகம். 'எனக்குத் தியானம் வராது' என்று சொல்கிறவர்கள் உண்மையில் சொல்வது 'எனக்கு இந்த ஐந்தும் வருகின்றன' என்பதைத்தான். புத்தர் காலத்துத் துறவிகளுக்கும் வந்தன. அதனால்தான் பட்டியலே இருக்கிறது.

மந்தத்துக்கு இருக்கும் குறிப்புகள் எனக்கு மிகவும் பிடித்தவை. பின்னாளில் தலைசிறந்த சீடர்களில் ஒருவராகப் போற்றப்பட்ட மொக்கல்லானர் உட்கார்ந்தபடி தூங்கி வழிந்தபோது புத்தர் சொன்னது: முதலில், தூக்கம் வரவழைத்த நினைப்பை மாற்று. போகவில்லையா, கற்ற உபதேசத்தை மனதில் ஓட்டு. அதுவும் முடியவில்லையா, சத்தமாகச் சொல். காதுகளை இழு, கைகால்களைத் தேய். எழுந்து கண்ணில் தண்ணீர் தெளித்து நட்சத்திரங்களைப் பார். வெளிச்சத்தை மனதில் கொண்டுவா. நட. அதற்கும் அசையவில்லை என்றால், எழுந்திருக்கும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு. கடைசி வரியில் இருக்கும் கருணையைப் பாருங்கள். தூக்கம் தேவைப்படும் உடம்புக்குத் தூக்கம்தான் தீர்வு.

பரபரப்புக்கு எதிர்த்திசை. வேகமாக நடப்பவன் 'ஏன் ஓடுகிறேன், மெதுவாக நடக்கலாமே' என்று நினைக்கிறான். அப்புறம் 'ஏன் நடக்கிறேன், நிற்கலாமே', 'ஏன் நிற்கிறேன், உட்காரலாமே' என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறான். எண்ணங்களையும் அப்படி இறக்கலாம். நிறுத்து என்று கத்தினால் நிற்காது. ஒவ்வொரு வெளிமூச்சிலும் ஒரு படி மெதுவாக்குங்கள்.

வெறுப்பு வந்தால் மூச்சோடு மல்லுக்கட்ட வேண்டாம். மைத்திரிக்கு, அதாவது எல்லோரும் நலமாக இருக்க விரும்பும் அன்புக்கு, மாறுங்கள். 'நான் நலமாக இருக்கட்டும்' என்று தன்னிலிருந்து தொடங்கி, மதிக்கும் ஒருவர், அதிகம் பழகாத ஒருவர், கடைசியாகப் பிணக்கு உள்ளவர் என்று போகும் வரிசை உண்டு. பிணக்கு உள்ளவரிடம் முதலிலேயே போனால் பொய்யாகத்தான் இருக்கும். ஆசைக்கு, அந்தப் பொருள் கையில் கிடைத்த பிறகு வரும் நாளையும் சேர்த்துக் கற்பனை செய்து பாருங்கள். பாதி வேகம் குறைந்துவிடும். சந்தேகம் வந்தால், இந்த ஒரு அமர்வு முடியட்டும், பிறகு யோசிக்கலாம் என்று தள்ளிவைப்பது போதும்.

தடை விலகும்போது அதைக் கவனிக்காமல் தாண்டிவிடாதீர்கள். கடனை அடைத்தவன், நோயிலிருந்து எழுந்தவன், சிறையிலிருந்து வந்தவன், அடிமைத்தனம் நீங்கியவன், ஆபத்தான பாலைவழியைக் கடந்தவன் என்று ஐந்து உவமைகளைத் தீக நிகாயம் அடுக்குகிறது. அவர்கள் அடையும் நிம்மதி எப்படிப்பட்டதோ, அதுதான் தடை விலகிய மனதின் நிம்மதி. 'இப்போது கோபம் இல்லை' என்று அறிவதே இன்பம். அடுத்த படி இங்கிருந்துதான் முளைக்கிறது.

ஐந்தாம் படி: பிரீதியும் சுகமும்

தடைகள் சற்று நேரம் ஓய்ந்திருக்கும்போது உடம்பில் ஏதோ ஒரு இடத்தில் இனிமை தெரியும். சிலருக்கு உள்ளங்கையில் மெல்லிய சிலிர்ப்பு, சிலருக்கு நெஞ்சில் விரிவு, சிலருக்கு முகத்தில் தானாக வரும் ஒரு புன்னகை. விசுத்திமக்கம் பிரீதியில் ஐந்து தரம் சொல்கிறது: மயிர்க்கூச்செறியும் சிறு பிரீதி, மின்னல் போலத் தோன்றி மறைவது, அலையலையாக வந்து மோதுவது, உடம்பையே தூக்குவது போன்றது, முழுவதும் பரவி நிறைவது. முதல் இரண்டும் அன்றாடப் பயிற்சியிலேயே பலருக்கு வரக்கூடியவை. மற்றவற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

பிரீதியும் சுகமும் ஒன்றல்ல. பாலைவனத்தில் களைத்தவன் தூரத்தில் சோலையையும் நீரையும் பார்த்ததும் துள்ளுவது பிரீதி. நிழலில் நுழைந்து நீரைக் குடித்து அமர்வது சுகம். பிரீதியில் ஒரு துடிப்பு இருக்கும், சுகத்தில் அது அடங்கியிருக்கும். பலர் துடிப்பையே உச்சம் என்று நினைத்து அதைத் திரும்பத் திரும்ப வரவழைக்கப் பார்க்கிறார்கள். அடங்குவதுதான் மேல்.

என்ன செய்வது? இனிமை தெரியும் இடத்தை மூச்சோடு சேர்த்து உணருங்கள். மூச்சை விட்டுவிட்டு அதன் மேல் பாய வேண்டாம். முதல் தியான நிலைக்குப் புத்தர் தரும் உவமை, குளியல் பொடியில் நீர் தெளித்துப் பிசையும் பணியாளன். பொடி முழுவதும் ஈரம் ஊற வேண்டும், ஆனால் நீர் வழியக் கூடாது. அதுபோல இனிமை ஒரு இடத்திலிருந்து பக்கத்து இடத்துக்கு ஊறட்டும். கை, தோள், முதுகு. ஊறவில்லை என்றால் அந்தச் சிறு இடமே போதும்.

'வந்துவிட்டது!' என்ற எண்ணம் எழுந்ததும் அது மறையும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது நடக்கும். நுகர்வு வேட்கையாக மாறிய நொடி அதுதான், இரண்டாம் படியில் பார்த்த அதே இடுக்கு. ஏமாற்றத்தை ஒரு உணர்வாகப் பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். கால் வெடித்து ரத்தம் வரும் வரை நடந்து பயிற்சி செய்த சோணர் என்ற துறவியிடம், துறவுக்கு முன் அவர் வாசித்த வீணையைச் சுட்டிப் புத்தர் பேசினார். நரம்பு அதிகம் இறுகினாலும் இசை இல்லை, தளர்ந்தாலும் இல்லை. சோணரைப் போல அளவுக்கு மீறி முயல்கிறவர்கள் நம்மிடையே அதிகம். நீங்கள் அந்த ரகம் என்றால் முயற்சியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

முழுத் தியான நிலை எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும் என்பதில் ஆசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு உண்டு. நாம் அந்த விவாதத்துக்குள் போக வேண்டியதில்லை. அமர்வின் முடிவில் உடம்பு வரும்போது இருந்ததைவிடத் தளர்ந்திருந்தால் வேலை நடக்கிறது.

ஆறாம் படி: வந்ததை விடுவது

ஆனாபானசதியின் கடைசி நான்கு படிகள் நிலையாமையில் தொடங்கி விட்டுவிடுதலில் முடிகின்றன. சுகம் குறையத் தொடங்கும்போது அதை இழுத்துப் பிடிக்காமல், குறைவதையே பாருங்கள். முதலில் வருத்தமாக இருக்கும். பழகப் பழக, வந்த சுகத்தைவிடப் பிடிக்காமல் இருப்பது லேசாக இருக்கிறது என்று தெரியும்.

சாக்கிய அரசராக இருந்து துறவியான பத்தியர், காட்டில் மரத்தடியில் உட்கார்ந்து 'ஆகா சுகம், ஆகா சுகம்' என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். பழைய அரண்மனை வாழ்க்கையை நினைத்து ஏங்குகிறார் என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டுப் புத்தரிடம் சொல்லிவிட்டார்கள். அழைத்துக் கேட்டபோது பத்தியர் சொன்னார்: அரசனாக இருந்தபோது அரண்மனைக்கு உள்ளேயும் வெளியேயும், நகரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் காவல் இருந்தது, அப்படியும் பயந்து நடுங்கிக்கொண்டே இருந்தேன். இப்போது தனியாக இருக்கிறேன், பயமில்லை. காவல் காக்க ஒன்றுமில்லாத சுகம் அது. தியானத்தில் கிடைத்த இனிமையைக்கூடக் காவல் காக்கத் தொடங்கினால் நாமும் பழைய பத்தியர்தான்.

ஏழாம் படி: எழுந்த பிறகு

மணி அடித்ததும் குதித்து எழ வேண்டாம். மெதுவாக எழுந்து இருபது முப்பது அடி நடங்கள், பாதம் தரையில் படுவதை உணர்ந்தபடி. நடந்துகொண்டே பெற்ற ஒருமுகம் நெடுநேரம் நிற்கும் என்று அங்குத்தர நிகாயம் சொல்கிறது, சாப்பிட்டது செரிக்கும் என்ற பலனையும் சேர்த்து.

நிகழ்கணம் என்பதால் நாளையைத் திட்டமிடக் கூடாதா என்ற கேள்வி அடிக்கடி வரும். கடந்ததைத் துரத்தாதே, வராததை ஏங்காதே என்று சொல்லும் புத்தரின் அதே பாட்டில்தான் 'செய்ய வேண்டியதை இன்றே செய்' என்ற வரியும் இருக்கிறது. திட்டமிடுவது இப்போது செய்யும் ஒரு வேலை. தாளும் பேனாவுமாக உட்கார்ந்து செய்தால் அது நிகழ்கணம்தான். பல் துலக்கும்போது அதே திட்டத்தைப் பத்தாவது தடவை ஓட்டுவதுதான் பிரச்சினை.

பகலில் செய்ய இன்னொன்று முதிதை, அதாவது பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது. மைத்திரி, கருணை, முதிதை, சமநிலை என்ற நான்கில் அதிகம் பேசப்படாதது இது, கடினமானதும் இதுதான். துயரப்படுகிறவரிடம் இரக்கம் வருவது எளிது. நம்மோடு படித்தவர் நம்மைவிட உயர்ந்தால் மகிழ்வது அவ்வளவு எளிதல்ல. போட்டியே இல்லாத இடத்தில் தொடங்குங்கள். சிரிக்கும் ஒரு குழந்தை, நல்ல செய்தி கேட்டு முகம் மலர்ந்த ஒரு அந்நியர். 'இவர் மகிழ்ச்சி குறையாமல் இருக்கட்டும்' என்று மனதில் சொல்லுங்கள். நம் சொந்த வாழ்வில் அன்று ஒன்றுமே நடக்காவிட்டாலும், மகிழக் காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் பதற்றம் கூடும். அப்படியானால் கண்களைத் திறந்து, காதில் விழும் ஓசையையோ பாதத்தையோ கவனியுங்கள், அல்லது நடைப் பயிற்சி மட்டும் செய்யுங்கள். மனதை உலுக்கிய பழைய நிகழ்வுகள் உட்கார்ந்தவுடன் திரும்பி வருகின்றன என்றால் தனியாக அதோடு போராட வேண்டாம். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, தூக்கமும் பசியும் கெடுவது, உயிர் வாழ விருப்பமில்லாமல் தோன்றுவது ஆகியவை மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தைத் தியானத்தை நம்பி நிறுத்தக் கூடாது.

பத்து நாள் மௌன முகாம்களுக்குப் போகும் ஆசை விரைவில் வரும். வீட்டில் தினமும் அரை மணி நேரம் உட்காருவது சில மாதங்கள் தடையில்லாமல் நடந்த பிறகு போங்கள். மனநல சிகிச்சை எடுத்திருந்தால் விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுதி, அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். வழிகாட்டும் ஆசிரியரைத் தேடுகிறீர்கள் என்றால், பிரீதி வந்ததைச் சொல்லும்போது உங்களைப் பாராட்டுகிறவரைவிட, அதற்கு முந்தின நாள் யாரோடு சண்டை போட்டீர்கள் என்று கேட்கிறவரிடம் போவது நல்லது.